தப்பாகப் போட்டாலும் சரியாக வருமா

விமான் நகர், புனே
8 ஜூன் 2025

அக்கா,

ஜெயசீலன் எழுதுகிறேன். ஒரே புனேயில், கட்கியில் இருக்கிற உனக்கு விமான் நகரிலிருந்து தபாலில் கடிதம் போடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என்ன செய்வது? என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். ஸ்டெல்லா எண்ணையும் சேர்த்து. என்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் என்ன பாவம் செய்தாள்? போன ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். அத்தான் கதவைப் பாதிதான் திறந்தார். "அவ தூங்குதா மாப்ளே, பொறவு வாங்க" என்றார். உள்ளே நீ மிக்ஸி ஓட்டுகிற சத்தம் கேட்டது. தூக்கத்தில் மிக்ஸி ஓட்டுகிற ஒரே ஆள் நீதான்.

சரி, கோபம் நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்ய எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறது. அதற்குப் பயிற்சி வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபேன் ஓடியும் வேர்க்கிற ஹாலில், பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள். பெரிய டாக்டரே வாட்ச்சைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து என் சொந்த அக்கா எழுந்து நின்று இந்தியில் கேட்கிறாள்: தப்பாகப் போட்டாலும் சரியாக வருமா?

நான் என்ன செய்வேன் சொல்லு. வாயில் வந்துவிட்டது. "தீதி, மிக்ஸியில் வெங்காயத்தைப் போட்டு அரைத்தால் தேங்காய்ச் சட்னி வருமா?" என்றேன். ஹாலே குலுங்கியது. தூங்கினவன் எல்லாம் எழுந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் வகுப்பே களைகட்டியது. வேறு யாராவது கேட்டிருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். நீ என்பதால்தான் உரிமையாகப் பேசினேன்.

வீடியோவை வெட்டி வீட்டுக் குரூப்பில் போட்டது மட்டும் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். நாசரேத் மாமா, தூத்துக்குடி சித்தி எல்லோரும் சிரித்துச் சிரித்து எமோஜியாகப் போட்டார்கள், அதில் உனக்குச் சுருக்கென்றிருக்கும். குரூப்பிலிருந்து அழித்துவிட்டேன். போதுமா? பிளாக்கை எடு. ஸ்டெல்லா உனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தருகிறாளாம்.

உன் தம்பி,
ஜெயசீலன்

---

கட்கி
17 ஜூன் 2025

ஜெயா,

குழம்பு வேண்டாம்.

உன் கடிதத்தை அத்தான் படித்துவிட்டு "தம்பிதானேட்டி, விடு" என்றார். அவருக்கு வேலைக்குப் போகிற இடத்தில் பட்டப்பெயர் கிடையாது. எனக்கு உண்டு. காலையில் கவுண்டரில் உட்கார்ந்தால் எக்ஸ்-ரே பையன் ஜன்னலில் தலையை நீட்டி, "சட்னி மேடம், ஆஜ் கௌன்ஸா?" என்று கேட்கிறான். இன்றைக்கு என்ன சட்னியாம். வார்டு ஆயா முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை எனக்கு இப்போது அதுதான் பெயர். பதிவுக் கவுண்டரில் இத்தனை வருஷமாக நான் எஸ்தர் மேடம். ஒரு மதியத்தில் அதைத் துடைத்துப் போட்டுவிட்டாய்.

நாசரேத் மாமா போன் செய்து "என்ன எஸ்தர், சட்னி வந்துச்சா?" என்றார். அவர் மனைவி பக்கத்தில் இருந்து சிரிப்பது கேட்டது. அன்றைக்குத்தான் எல்லா எண்ணையும் பிளாக் செய்தேன்.

உரிமையாகப் பேசினாயாம். அந்த ஹாலில் நீ நிற்பதற்கு யார் காரணம் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? நிர்வாகியிடம் உன் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். "என் தம்பி சார், பெரிய கம்பெனி, நல்லா செய்வான்" என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னவள் நான். எனக்குத் தரவேண்டிய கமிஷன் இதுதானா?

குரூப்பில் அழித்தால் போதாது. உன் போனில், ஸ்டெல்லா போனில், உன் ஆபீஸில், யார் யாருக்கு அனுப்பினாயோ அத்தனை பேரிடமும் அழிக்க வேண்டும். உங்கள் கம்பெனி எடுத்து வைத்திருக்கிற முழு வகுப்பு வீடியோவிலும் அந்த இடம் இருக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுவார்களாம். அவர்களும் பார்த்துச் சிரிக்க வேண்டுமா?

நான் என்ன நினைத்துக் கேட்டேன் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட நீ கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லப் போவதில்லை.

எஸ்தர்

---

விமான் நகர்
1 ஜூலை 2025

அக்கா,

முடித்துவிட்டேன். மாமாவுக்கும் சித்திக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, அவர்களை வீடியோ காலில் வைத்தே அழிக்கச் சொன்னேன். மாமா முணுமுணுத்தார். "ஒரு சிரிப்புக்கு இவ்வளவு ரோஷமால அவளுக்கு" என்றார். ஆபீஸில் பயிற்சி வீடியோவை எடிட் செய்கிற பையனிடம் சொல்லி, உன் கேள்வியும் என் பதிலும் வருகிற பகுதியை வெட்டிவிட்டேன். மூல வீடியோவையும் அழித்தாயிற்று. உலகத்தில் இனி அது எங்கும் இல்லை. இப்போதாவது சந்தோஷம்தானே?

சாஃப்ட்வேர் இன்று முதல் உங்கள் ஆஸ்பத்திரியில் ஓடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு புகாரும் இல்லை.

நீ என்ன நினைத்துக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை என்கிறாய். நியாயம். உனக்குப் புரிகிற மாதிரி நான் அன்றைக்கே பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக யோசனை கிடையாது. நாம் என்ன கொடுக்கிறோமோ அதைத்தான் அது திருப்பித் தரும். சரியாகக் கொடுத்தால் சரியாக வரும், தப்பாகக் கொடுத்தால் தப்பாக வரும். அதற்கு நம் மனசில் இருப்பது தெரியாது. இது உனக்கு மட்டும் இல்லை, நிறையப் பேருக்கு வருகிற சந்தேகம்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. குடை எடுத்துக்கொண்டு போ.

ஜெயா

---

கட்கி
6 ஆகஸ்ட் 2025

ஜெயசீலன்,

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிகிறவரை கவுண்டர் பக்கம் வரக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். போசரியிலிருந்து ஜெபமணி என்று ஒரு பெரியவர் வருவார். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் அடிக்கடி ரத்தம் சோதித்துப் பார்த்து டாக்டர் அளவு சொல்வார். அவருடைய அப்பா பெயர் சுப்பையா. நம் வழக்கப்படி தாத்தா பெயரை மகனுக்கு வைத்திருக்கிறார். அப்பா சு. ஜெபமணி. மகன் ஜெ. சுப்பையா. நமக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது.

உங்கள் மெஷினுக்குச் சர்நேம் வேண்டும். நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகக் கத்துகிறது, அடுத்த பக்கம் போகமாட்டேன் என்கிறது. அதனால் எல்லோருக்கும் அப்பா பெயரைப் போடுகிறோம். சர்நேம்தான் முன்னால் நிற்கும். அப்பா "சுப்பையா, ஜெபமணி" ஆகிவிட்டார். மகன் "ஜெபமணி, சுப்பையா".

போன மாதக் கடைசியில் ஒரே நாளில் இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா வழக்கமான சோதனைக்கு. மகன் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கிற சோதனைக்கு. வெளியே வரிசை வாசல் வரை நிற்கிறது. மகனிடம் பெயர் கேட்டேன். சுப்பையா என்றார். போட்டேன். சுப்பையா என்று முதலில் வந்த ஆளைத் தொட்டேன். அதே முகவரி, அதே போன் நம்பர். அப்பாவுடைய பக்கம். அது ஒன்றும் கத்தவில்லை. சிவப்பாகவும் ஆகவில்லை. வயதும் கேட்கவில்லை. பேசாமல் வாங்கிக்கொண்டது.

மகனுடைய ரத்தம் அப்பா கணக்கில் ஏறிவிட்டது. கடைசியாக வந்த ரிப்போர்ட் மேலே நிற்கும் அல்லவா, டாக்டர் அதைப் பார்த்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிவிட்டார். நாலைந்து நாளில் பெரியவர் ரத்த வாந்தி எடுத்து விழுந்துவிட்டார். இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறார்.

என் கை செய்த தப்பு. இல்லையென்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆனால் விசாரணைக் கடிதத்தோடு உங்கள் கம்பெனியின் பதிலையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "மென்பொருளில் கோளாறு இல்லை. உள்ளிடப்பட்டதே வெளிவந்துள்ளது. தவறு இயக்கியவருடையது." கீழே கையெழுத்து உன்னுடையது. அதே சட்னியை இங்கிலீஷில் அரைத்து அனுப்பியிருக்கிறாய். இந்தத் தடவை சிரிக்கத்தான் ஆள் இல்லை.

எஸ்தர்

---

விமான் நகர்
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அது நீ என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு வருகிற புகாரில் பெயர் இருக்காது, ஒரு எண்தான் இருக்கும். பதில் என்பது ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற நாலு வரி. யார், என்ன ஆயிற்று, யாருக்கு என்ன கேடு என்று எதையும் படிக்காமல், டீயைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அந்தப் புகாரை எடுத்து முழுதாகப் படித்தேன். உன் பெயர் தெரியாது என்று சொல்வது சாக்குத்தான். நீ இல்லாமல் வேறொருத்தியாக இருந்தால் அந்தக் கையெழுத்து சரியாகிவிடுமா? அப்படிக் கேட்டுக்கொண்டபோது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸில் அப்துல் காதர் என்று ஒருவர் இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். சாஃப்ட்வேரை வெளியே விடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. இந்த ஆஸ்பத்திரி வேலையில் அவர் இல்லை. வெள்ளிக்கிழமை கேன்டீனில் அவரிடம் உன் கேள்வியை அப்படியே கேட்டேன். யார் கேட்டது என்று சொல்லவில்லை. "பாய், தப்பாப் போட்டாலும் சரியா வருமான்னு ஒரு கேள்வி வந்துச்சு" என்றேன். அவர் தின்றுகொண்டிருந்த வடாபாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்ல கேள்வியாச்சே, யாரு கேட்டது? கிளையண்ட்டா? தப்பு வந்தா நம்மது கண்டுபிடிக்குமா, நிறுத்துமா, இல்ல கண்ணை மூடிட்டு வாங்கிக்குமான்னு கேக்குறாங்க. நாம என்ன செக் வச்சிருக்கோம்?" என்றார்.

ஒரு வார்த்தை மாறவில்லை, அக்கா. அதே கேள்விதான். அவர் காதில் புத்திசாலித்தனமாக விழுந்தது, என் காதில் முட்டாள்தனமாக விழுந்தது. அவர் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டார். நான் கேள்வியைக் கேட்கவே இல்லை. எழுந்து நின்றது என் அக்கா, பதிவுக் கவுண்டர், இங்கிலீஷ் தடுமாறும், கம்ப்யூட்டர் என்றால் பயம். அவ்வளவையும் நானே மனசில் போட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். போதாதென்று ஜூலையில் உனக்குப் பாடம் வேறு எடுத்து எழுதினேன். "வெட்கப்பட ஒன்றும் இல்லை" என்று எழுதிய கையை என்ன செய்வது?

உங்கள் நிர்வாகியிடம் போன் செய்து, பயிற்சியிலேயே எஸ்தர் இதைக் கேட்டார் என்று சொன்னேன். "நீங்கள் ஏதோ ஜோக் அடித்ததுதான் ஞாபகம் இருக்கிறது. எந்த ஊழியரும் எந்தச் சந்தேகமும் எழுப்பவில்லை என்றுதான் உங்கள் வீடியோவில் இருக்கிறது" என்கிறார். உண்மைதான். நான்தானே வெட்டச் சொன்னேன்.

விசாரணையில் வந்து சொல்லட்டுமா என்று எங்கள் மேலாளரைக் கேட்டேன். கதவைச் சாத்தினார். இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளோடு பேச்சு நடக்கிறது, வாயைத் திறந்தால் பார்த்துக்கொள் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கிறது. உன்னிடம் வீரம் பேச எனக்கு வாய் இல்லை.

ஆனால் இதை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், இப்போதாவது கேட்கிறேன். அன்றைக்கு நீ என்ன கேட்டாய், அக்கா?

ஜெயா

---

கட்கி
16 ஆகஸ்ட் 2025

ஜெயா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

உன் பாய் சொன்ன அளவுக்கு எனக்குத் தெரியாது. செக் கிக் எல்லாம் நான் நினைக்கவில்லை. என்னை மகா புத்திசாலியாக்கிவிடாதே, அதுவும் ஒரு கேலிதான்.

நான் தப்புச் செய்கிறவள், ஜெயா. எப்போதும் செய்திருக்கிறேன். அப்பா பெயரை மகனுக்குப் போடுவேன், இடது காலை வலது கால் என்று எழுதுவேன். சீட்டு எழுதின காலத்தில் அது வெளியே தெரியாது. என் கையிலிருந்து சீட்டு லேப் ஜன்னலுக்குப் போகும். அங்கே அச்சுதன் சேட்டன் அதை வாங்கி ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். "எஸ்தரே, இதில் அறுபத்தெட்டு வயசு போட்டிருக்கு, ஆளு மீசை கறுப்பா நிக்குறான்" என்று அங்கிருந்தே கத்துவார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவேன். ஒரு சீட்டை நாலு கண் பார்த்துத்தான் விடும்.

உங்கள் மெஷின் வந்ததும் சீட்டு நின்றுபோயிற்று. ஜன்னலையும் மூடிவிட்டார்கள். லேபில் ரத்தம் பிடிக்கிற குழாயில் ஒட்டுகிற பார்கோடுச் சீட்டை மெஷினே அடித்துவிடும், அதை யாரும் படிக்க முடியாது. பயிற்சியில் நீ அதைத்தான் பெருமையாகச் சொன்னாய், நடுவில் ஆள் கையே படாது என்று. இனி நான் மட்டும்தான். நான் தப்பாகப் போட்டால் கத்துவதற்கு ஆள் இல்லை.

"நான் நிறையத் தப்புச் செய்வேன், இனி என்னை யார் பிடிப்பார்கள்?" என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பெரிய டாக்டர் முன்வரிசையில் இருக்கிறார். பக்கத்தில் நிர்வாகி. அவர்கள் முன்னால் வாயைத் திறந்து நான் தப்புச் செய்கிறவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் என்னை எடுத்துவிட்டு மெஷினை வைத்துக் கேட்டேன். தப்பாகப் போட்டாலும் சரியாக வருமா என்று. அதுவும் என் இந்தியில். குழந்தை கேட்கிற மாதிரி வெளியே வந்துவிட்டது. நீ முட்டாள்தனமாக எடுத்துக்கொண்டாய். வெட்கப்படுகிறவள் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

பெரியவரைப் போய்ப் பார்த்தேன். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போய், அவர் சாப்பிடக் கூடாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என் கையால்தான் ஐயா ஆச்சு" என்றேன். "கவுண்டர்ல இருக்குத தாயல்லா நீ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று. வீடியோ எங்கும் இல்லை என்று எழுதினாய். என்னிடம் இருக்கிறது. எல்லோரையும் அழிக்கச் சொல்லிவிட்டு நான் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன்.

ஆனால் அதை விசாரணையில் போடுவேன் என்று நினைக்காதே. இன்னொரு தடவை ஒரு அறை நிறைய ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிக்க நான் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? வேலை போனால் போகட்டும். ரிட்டயர் ஆக இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது என்பதும் தெரியும், அத்தான் சம்பளம் எவ்வளவு என்பதும் தெரியும். போகட்டும்.

அக்கா

---

விமான் நகர்
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பயிற்சியின்போது இந்தக் கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்ல வேண்டிய நான் கேலி செய்தேன், ஒரே முகவரியில் பெயர் மாறி இருக்கிற இரண்டு பேரைப் பிரித்துக் காட்ட எங்கள் சாஃப்ட்வேரில் ஏற்பாடு இல்லை என்று எழுதினேன். சர்நேம் காலியாக இருந்தால் நிறுத்தத் தெரிகிற மெஷினுக்கு, முப்பத்திநாலு வயதுக்காரர் அறுபத்தெட்டு வயதுக்காரர் பக்கத்தில் ஏறுவதை நிறுத்தத் தெரியாமல் போனது அதன் குற்றம் இல்லை. எங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளை உட்கார வைத்துவிட்டோம்.

ஆபீஸில் என்னை எந்த வேலையும் கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறார்கள். அனுப்பிவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "இத முதல்லயே செஞ்சிருந்தா அண்ணி போனை எடுத்திருப்பாவல்ல" என்றாள்.

குழு என்னை வரச் சொல்லியிருக்கிறது. அக்காவுக்காகத் தம்பி பேசுகிறான் என்றுதான் நினைப்பார்கள், ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் உன்னிடம் இருக்கிறது. அதைக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ அதைப் போட மாட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அந்த வீடியோவில் முகம் தெரிவது எனக்குத்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறவன் நான். உன் மானத்துக்காக நான் கவலைப்படவில்லை, என் மானம் தப்பித்தது என்று மூச்சு விட்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடித்ததிலிருந்து கண்ணாடி பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஜெயா

---

கட்கி
9 செப்டம்பர் 2025

ஜெயா,

நீ பேசிவிட்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது வராந்தாவில் நீ எழுந்து நின்றாய். நான் பேசாமல் போய்விட்டேன். கோபம் இல்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

பெரிய டாக்டருக்குச் சட்னி ஜோக்தான் ஞாபகம் இருந்ததாம், கேள்வி ஞாபகம் இல்லையாம். நீ போனதும் குழுத் தலைவர், அந்த ஓய்வுபெற்ற ஜட்ஜ், "தம்பி நல்லாத்தான் பேசுறார், ஆதாரம் இல்லையே" என்று ஃபைலை மூடப் போனார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்று பேசினதைப் பார்த்திருக்கிறேன். "நான்தான் கேலி செய்தேன்" என்று அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய். அதற்கப்புறம் நான் மட்டும் மானத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது அசிங்கமாகப் பட்டது. போனை எடுத்து மேசைமேல் வைத்துப் போட்டுவிட்டேன்.

சிரித்தார்கள், ஜெயா. மறுபடியும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி டிரஸ்டிலிருந்து வந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய டாக்டர் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. வெங்காயமும் தேங்காயும் இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நான் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு முறை போடுங்கள்" என்றார். போட்டேன். கடைசியில் நிறுத்தி, "மேடம், அவர் சொன்னதும் முதலில் ஒரு பெண் சிரிக்கிறார். அது யார்?" என்று கேட்டார்.

நீ எத்தனை தடவை பார்த்திருப்பாய், வெட்டி ஒட்டினவனே நீதான், உனக்கு அது காதில் விழவில்லை. நீ உன் குரலைத்தான் கேட்டிருப்பாய். எனக்கு முதல் தடவையே விழுந்தது. அதைத்தான் நான் அழிக்காமல் வைத்துக்கொண்டு போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

"நான்தான் சார்" என்றேன்.

"அப்படியானால் நீங்களே விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். இதைச் சந்தேகம் எழுப்பியதாக எப்படி எடுத்துக்கொள்வது?" என்றார். அவர் கேட்டது சரியாகத்தான் இருந்தது.

புகார் கொடுத்தவர் என்று பெரியவரின் மகன் சுப்பையா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். ஆபரேஷன் ஆன இடத்தில் கையை வைத்துக்கொண்டு, இந்தியில்தான் பேசினார். "சாஹேப், சொந்தத் தம்பியே அத்தனை பேருக்கு நடுவில் கேலி செய்தால் ஒரு பொம்பளை என்ன செய்வாள்? அழவா முடியும்? சிரித்துவிட்டுத்தான் உட்காருவாள். எங்கள் அப்பா விழுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு அந்த ஹாலில் ஒருத்தருமா பதில் சொல்லவில்லை? அதைச் சொல்லுங்கள் முதலில்." அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் தண்ணீர் குடித்தார்.

நேற்று உத்தரவு வந்தது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அது வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். வேலை திரும்பக் கிடைத்தது. லேப் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள், சீட்டும் வரும். உங்கள் கம்பெனி வயதையும் பெயரையும் ஒத்துப் பார்க்கிற ஏற்பாடு செய்து கொடுத்தால்தான் மெஷின் ஓடுமாம். பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆள் பாதியாகிவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாராம்.

எல்லோரும் என்னிடம், சுப்பையா எவ்வளவு நல்ல மனுஷன், உனக்காகப் பேசினாரே என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது நிஜம் இல்லை. அவமானத்தை மறைக்க நான் சிரிக்கவில்லை. அவமானம் எல்லாம் பிறகுதான், எக்ஸ்-ரே பையன் ஜன்னலில் தலையை நீட்டின பிறகு. இதை நான் குழுவிடமும் சொல்லவில்லை, அத்தானிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கோட் போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெரிய டாக்டரே நிமிர்ந்து உட்காரும்படி பட்டென்று இந்தியில் ஒரு பதில் சொன்னாய் பார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள் என்று சுற்றி எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன், ஜெயா. நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

எஸ்தர்